மாரியாற்றை மறிப்பதா, திருப்புவதா, குளங்களைத் திருத்துவதா?

தை பிறந்ததும் திருகோணமலையின் வடக்கிலும் மேற்கிலும் ஒரே பேச்சுத்தான்: "இவ்வளவு தண்ணியும் சும்மா கடலுக்குப் போயிட்டுதே!" கார்த்திகை, மார்கழியில் கரை தள்ளி ஓடிய மாரியாறு சித்திரைக்குள் நூலாகிவிடும். ஆடியில் கச்சான் காற்று அடிக்கிறபோது ஆற்றில் இருப்பது மணலும் மாட்டுத் தடமும்தான்.

அந்தக் கோபத்தில்தான் விவசாயச் சங்கக் கூட்டங்களில் மூன்று கட்சி உருவாகிறது. ஒரு பகுதி ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் கேட்கச் சொல்கிறது. இன்னொரு பகுதிக்குக் குறுக்கே ஒரு அணைக்கட்டுப் போட்டு வாய்க்காலுக்குத் திருப்பினாலே போதும். மூன்றாவது பகுதி, பெரும்பாலும் வயதானவர்கள், மேலே தூர்ந்து கிடக்கிற குளங்களை முதலில் பார் என்கிறார்கள். மனு ஒன்றுதான் எழுத முடியும், எதற்கு எழுதுவது என்று கேட்கிறவர்களுக்காக இந்த ஒப்பீடு. என் சாய்வு மூன்றாவது பகுதியின் பக்கம். ஆனால் எல்லா ஆற்றுக்கும் அது சரிவராது. எங்கே சரிவராது என்பதையும் சொல்கிறேன்.

## முதலில் கேட்க வேண்டியவை

எந்தப் போகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பதுதான் முதற்கேள்வி. இதைத் தெளிவாக்காமலே பாதிக் கூட்டங்கள் கலைந்துவிடுகின்றன. பெரும்போகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், நடுவே மழை இரண்டு மூன்று கிழமை பொய்த்தால் பயிரைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒரு தேவை. சிறுபோகம், அதாவது கோடை நெற்செய்கை, முழுதாகச் செய்ய வேண்டும் என்பது முற்றிலும் வேறு தேவை. முதலாவதற்குக் கொஞ்சத் தண்ணீரைக் கொஞ்ச நாள் வைத்திருந்தால் போதும். இரண்டாவதற்கு ஏக்கருக்கு நான்கு, ஐந்து ஏக்கர்-அடித் தண்ணீரை (வயல் முழுவதும் நான்கு, ஐந்து அடி உயரத்துக்கு நிற்கிற அளவை) ஆவணி வரை காப்பாற்ற வேண்டும்.

இரண்டாவது கேள்வி, ஆழம். எங்கள் பக்கத்து வெயிலில், அதுவும் கச்சான் காற்றில், திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாகும். வைகாசியிலிருந்து ஆவணி வரை நான்கு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 60 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அடி. சராசரி 20 அடி ஆழமுள்ள தேக்கத்தில் இரண்டு அடி போனால் தாங்கலாம். ஆறு அடி ஆழத்தில் இரண்டு அடி போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மலைநாட்டில் இரண்டு மலைக்கு இடையில் சுவர் கட்டுகிற மாதிரி இங்கே முடியாது. தரை தட்டை. எங்கே மறித்தாலும் தண்ணீர் அகலத்துக்குப் பரவும், ஆழத்துக்குப் போகாது.

மூன்றாவது, ஆற்றுவாய்க்கு வெள்ளம் போய்ச் சேருமா? நான்காவது, மணல் எங்கே நிற்கும்? ஐந்தாவது, துருசின், அதாவது தண்ணீர் விடுகிற மதகின், திறப்பு யார் கையில் இருக்கும்? செலவு எவ்வளவு என்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். கட்டுகிற காசு எப்படியும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டுக் கடனிலிருந்தோதான் வரப்போகிறது. பிறகு வருகிற செலவுதான் ஊரின் தலையில் விழும்.

## கடலுக்குப் போகிற தண்ணீர் என்ன செய்கிறது

இந்த மூன்றாவது கேள்வியைத்தான் விவசாயக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை, கேட்கக்கூடியவர்கள் அங்கே வருவதில்லை என்பதால். அவர்கள் ஆற்றுவாயில் வீச்சுவலையோடு நிற்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலத்தில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றுவாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கி நிற்கிற களப்பு வெயிலில் சுண்டி உவர் ஏறும். மாரி தொடங்கி மேலிருந்து வெள்ளம் வந்ததும் களப்பின் மட்டம் ஏறுகிறது. மணல்திட்டின் உட்பக்கம் ஈரம் கசிகிறது. சில ஊர்களில் காத்திருக்காமல் மண்வெட்டியோடு போய் முழ அகலத்தில் ஒரு சால் வெட்டிவிடுவார்கள். முதலில் வாய்க்கால் தண்ணீர் மாதிரிச் சாதுவாகத்தான் ஓடும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்க மணலும் கட்டி கட்டியாக இடிந்து விழ, வெட்டியவர்களே பின்னுக்கு ஓட வேண்டிவரும். பொழுது சாயுமுன் தோணி போகிற அகலத்துக்கு வாய் திறந்துவிடும்.

அந்த வாய் வழியாகத்தான் இறால் குஞ்சு உள்ளே வருகிறது. தாய் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர்வது களப்பின் சேற்றிலும் கண்டல் வேரிலும். பெருத்ததும் திரும்பக் கடலுக்கு. கொடுவா, மணலை, பாலைமீன் ஆகிய மீன்களும் இந்தப் போக்குவரத்தை நம்பியவைதான். விலாங்கு இதற்கு நேர்மாறு. ஆற்றிலும் குளத்திலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். கொக்கிளாய்க் களப்பு இறாலுக்குப் பேர் போனது. 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடமும் அதுதான். அதற்கு நன்னீர் கொண்டுவருகிற மா ஓயாவின் மேலே பதவியாக் குளம் இருக்கிறது. மேலே எவ்வளவு தேக்கினாலும் கீழே அந்த முதல் வெள்ளம் வந்தால் களப்பு சமாளித்துக்கொள்ளும். அந்த வெள்ளத்தையே பிடித்துவிட்டால் ஆற்றுவாய் திறக்கப் பிந்தும். சில ஆண்டு திறக்காமலே போகலாம்.

வெள்ளத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆற்றுமணலை நனைத்து நிரப்புவது அதில் ஒன்று. ஆவணியில் ஆறு காய்ந்து கிடந்தாலும், வளைவில் முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டினால் தண்ணீர் ஊறும். முதலில் கலங்கல், இறைத்து ஊற்றினால் தெளிவு. பட்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், காட்டோரத்துச் சனம் குடிக்க அள்ளுவதும், மானும் கரடியும் தேடி வருவதும் அந்த ஊற்றைத்தான். ஆறு செத்துக் கிடக்கிறது என்று நாம் சொல்கிற மாதங்களிலும் அது மணலுக்குள்ளே தண்ணீரைப் பதுக்கி வைத்திருக்கிறது. கரையோர மருத மரங்கள் கோடையிலும் பச்சையாக நிற்பது அதனால்தான்.

## பெரிய நீர்த்தேக்கம்

தருவது: சிறுபோகம். குடிநீர். இதை மறுக்கிறவர்கள் கோடையில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். பதவி சிறிபுரம் உட்பட வடமத்திய எல்லைப் பகுதிகளில் சிறுநீரக நோய் எத்தனை வீடுகளைத் தின்றது என்று பார்த்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வேண்டும் என்பது ஆடம்பரமாகத் தெரியாது.

எடுப்பது: மேலே மூழ்குகிற காடும் வயலும் மேய்ச்சல் தரவையும் கண்ணுக்குத் தெரிகிற செலவு. அதற்கு நட்டஈடு பேசலாம். கீழே நடப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். ஆறு உருட்டிவருகிற மணல் தேக்கத்தின் வாயிலேயே படிந்துவிடும். சுமை இறக்கிய தண்ணீர் கீழே போய்த் தன் படுகையையே அரிக்கும். படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணற்றின் மட்டமும் சேர்ந்து இறங்கும். கடற்கரைக்கு மணல் வரத்துக் குறையும். மணல் லொறிகள் ஏற்கெனவே அள்ளிக்கொண்டிருக்கிற ஆறு என்றால் இரட்டை அடி.

வெள்ளம் வராமல் போனால் வெள்ளநிலமும் மாறிவிடும். மகாவலியில் இதைப் பார்த்தோம். 1976இல் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியா, பிறகு ரந்தெனிகல, ரந்தம்பை என்று மேலே அணைகள் வந்தபின், சோமாவதியைச் சுற்றியுள்ள வில்லுகளுக்கு முன்பு வந்த மாதிரி வெள்ளம் வருவதில்லை. வில்லு என்பது வெள்ளத்தில் நிரம்பி, வற்றும்போது புல் முளைக்கிற நிலம். யானைக்கும் பட்டிமாட்டுக்கும் கோடைச் சாப்பாடு அந்தப் புல். நிரம்பாத இடத்தில் பற்றை ஏறுகிறது, வற்றாத இடத்தில் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடுகின்றன.

நேர்மாறான கெடுதியும் உண்டு. மின்னேரியாக் குளம் கோடையில் வற்றி அடிநிலத்தில் புல் முளைக்கிறபடியால்தான் ஆவணி, புரட்டாதியில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட பிறகு கோடையிலும் தண்ணீர் மட்டத்தை உயரத்தில் வைத்த ஆண்டுகளில் புல் மூழ்கியது. பசித்த யானை போகிற இடம் வயல்தான். வறள வேண்டிய இடம் வறளாமல் இருப்பதும் கெடுதி என்பதை நீர்ப்பாசனக்காரருக்குப் புரியவைப்பது கஷ்டம்.

நுளம்புக் கதையும் இதோடு சேர்ந்தது. மலேரியாவைப் பரப்புகிற அனோபிலிஸ் நுளம்பு ஓடுகிற ஆற்றில் முட்டையிடாது; ஓட்டம் அறுந்து குட்டை குட்டையாகத் தேங்கினால் இடும். யான் ஓயாவின் மேற்பகுதியில், ஹுருலுவெவப் பக்கம், சர்வதேச நீர் முகாமை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் இதையே ஆராய்ந்தார்கள். ஆற்றில் விடுகிற தண்ணீரின் ஆழத்தைச் சரியான நேரத்தில் கூட்டிக் கொடுத்தால் குட்டைகள் அடிபட்டு நுளம்பு குறையும் என்று காட்டினார்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. டெங்கும் வேறு நுளம்பும் இருக்கின்றன, ஆனால் இந்தப் பயம் முன்போல் இல்லை. இதிலிருந்து எடுக்க வேண்டிய விஷயம் வேறு. அணை இருந்தாலும் எப்போது எவ்வளவு திறக்கிறோம் என்பதில் பாதிக் கெடுதியைக் குறைக்கலாம்.

பாதுகாப்பு? 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதைவிட அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. சிறு வெள்ளமெல்லாம் மேலே நின்றுவிடுவதால் கீழே ஆற்றோரத்தில் வீடும் தோட்டமும் இறங்கிவிடும். பிறகு 2011 தை, மாசியில் வந்தது போல ஒரு பெருவெள்ளம் வந்து மிகுநீரை விடுகிற வான்கதவு திறக்கும்போது, எல்லாம் நடு ஆற்றில் நிற்கும்.

கூட்டத்தில் யாராவது "கந்தளாயைப் பாருங்கள், தம்பலகாமத்து வயலெல்லாம் அதால்தானே வாழுது" என்பார்கள். உண்மை. ஆனால் கந்தளாய் தன் சொந்த ஆற்றை மட்டும் நம்பி நிரம்புவதில்லை. அம்பன் கங்கைத் தண்ணீர் எலஹெரவில் திரும்பி மின்னேரியா வழியாக யோத எல என்ற கால்வாயில் அங்கே வருகிறது. மலைநாட்டு மழை குடிக்கிற குளத்தைக் காட்டி, மாரியை மட்டும் நம்புகிற ஆற்றுக்கு அணை கேட்பது கணக்கு ஒத்துவராத பேச்சு.

எப்போது இதுதான் சரி: ஆற்றின் மேற்பகுதி பெரியதாக, பள்ளத்தாக்கு ஓரளவு ஆழமாக இருந்தால்; வேறு வழியால் குடிநீர் வராது என்றால்; மாரியின் முதல் வெள்ளத்தை மறிக்காமல் விடுவோம் என்பது எழுத்தில் இருந்தால். யான் ஓயா 142 கிலோமீற்றர் நீளம், நாட்டின் நீளமான ஆறுகளில் ஐந்தாவது. புல்மோட்டைக்குத் தெற்கே புடவைக்கட்டுப் பக்கம் கடலில் விழுகிறது. அதன் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டியாகிவிட்டது, இனி அதைக் கட்டலாமா என்ற விவாதம் வீண். கீழே இருக்கிறவர்கள் கேட்க வேண்டியது எப்போது எவ்வளவு திறப்பது என்ற அட்டவணையைத்தான். ஆனால் குச்சவெளிப் பக்கத்தில் ஓடுகிற சின்ன ஆறுகளுக்கு யான் ஓயா மாதிரி ஒன்று கேட்பதில் அர்த்தமில்லை.

## திசைதிருப்பும் அணைக்கட்டு

ஓராள் உயரச் சுவர், பக்கத்தில் வாய்க்கால் மதகு. வெள்ளம் சுவருக்கு மேலாலே போய்விடும். வெள்ளம் வடிந்த பிறகு வருகிற ஓட்டத்தை வயலுக்குத் திருப்பலாம்.

தருவது: பெரும்போகத்தின் கடைசித் தண்ணீர். மாசி, பங்குனி வரை இழுக்கலாம். காடு மூழ்காது, யாரும் எழும்பிப் போக வேண்டியதில்லை. ஆற்றுவாய்க்கு முதல் வெள்ளம் தடையில்லாமல் போகும். இதுதான் இதன் பெரிய பலம்.

எடுப்பது: தேக்கி வைக்காது. ஆறு வற்றினால் அணைக்கட்டும் வற்றும். சிறுபோகம் கேட்கிறவர்களுக்கு இது விடையல்ல. வெள்ளம் வடிகிற காலத்தில் சுவருக்குக் கீழே கடைசி மைல்களுக்கு ஒரு சொட்டும் விடாமல் திருப்பிவிடுகிற பழக்கம்தான் இதன் நோய். அந்த இடைவெளியில் உவர்நீர் ஆற்றுவழி மேலே ஏறும். மீனுக்கும் சுவர் சுவர்தான். வெள்ளத்தில் மூழ்கும்போது சிலது தாண்டும். மற்றக் காலத்தில் ஓரத்தில் கல் அடுக்கிய சரிவான மீன்வழி வேண்டும். விலாங்குக் குஞ்சுக்கு ஈரமான கரடுமுரடுச் சரிவு போதும், ஏறிவிடும். கட்டும்போதே போட்டால் சொற்பச் செலவு. பிறகு போட யாரும் வரமாட்டார்கள்.

மணல் போகச் சுவரின் அடியில் ஒரு மணற்கதவு வைத்து வெள்ளத்தில் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சில மாரியிலேயே சுவரின் மேற்பக்கம் மணல் நிரம்பி, வாய்க்கால் மதகு மணலுக்குள் புதைந்து, ஆறு சுவரை விட்டுக் கரையை உடைத்துச் சுற்றிப் போகும்.

திறப்பு யார் கையில் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. மாவிலாறு இதற்குச் சாட்சி. 2006 ஜூலையில் ஒரு மதகு மூடப்பட்டது. அல்லைப் பக்கத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல் காய்ந்தது, அதையடுத்து மூண்ட சண்டை இறுதி யுத்தம் வரை போனது. யுத்தமில்லாத காலத்திலும் மேல் வட்டை வயலுக்கும் கீழ் வட்டை வயலுக்கும் சண்டை மதகில்தான். மனுவிலேயே முறைப்பங்கீட்டை எழுதிவிடுங்கள்.

எப்போது இதுதான் சரி: ஆறு மாரி முடிந்தும் இரண்டு மாதமாவது ஓடுகிறது, கரை உறுதி, அடியில் பாறை தட்டுகிறது, வயல் ஆற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால்.

## சிறுகுளத் தொடர்

ஆற்றைத் தொடாமல், ஆற்றுக்கு வருகிற ஓடைகளில் மறிப்பது. ஒரு குளம் நிரம்பி அதன் வான் பாய்ந்து அடுத்த குளத்துக்கு, அதன் வயலில் வடிகிற நீர் அதற்கடுத்ததற்கு என்று படிப்படியாக இறங்கும். சிங்களத்தில் எல்லங்கா என்கிறார்கள். ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை உலக விவசாய மரபுரிமைகளில் சேர்த்தது. திருகோணமலைக் காடுகளுக்குள் இப்படிக் கைவிடப்பட்ட குளங்கள் நிறைய. யுத்தகாலத்தில் ஊர் எழும்பியதால் உடைந்தவை கொஞ்சம், அதற்கு முன்பே தூர்ந்தவை கொஞ்சம்.

தருவது: பெரும்போகத்துக்குக் காப்பு, மாட்டுக்குத் தண்ணீர், கிணற்றுக்கு ஊற்று, ஊருக்கு விராலும் திலாப்பியாவும். எங்கள் தரைக்கு அடியில் பாறை. நிலத்தடி நீர் மேலே இருக்கிற உக்கல் மண்ணில்தான் நிற்கிறது. குளம் நிறைந்தால் கிணறு நிறையும், அவ்வளவு நேரடியான தொடர்பு. குளங்கள் நிறைந்து வான் பாய்ந்த பிறகு பெருவெள்ளம் ஆற்றுக்குத்தான் போகும். ஆற்றுவாய் பிழைக்கும், மணல் ஓரளவு நகரும்.

எடுப்பது: ஆவி. முன்னே போட்ட கணக்கில் ஆறு அடிக் குளம் இதுதான். ஆவணியில் பெரும்பாலும் சேறு. சிறுபோகத்தில் குளத்துக்குக் கீழே ஒரு மூலையில் கடலை, பயறு, கௌப்பி செய்யலாம், நெல் நினைக்கக்கூடாது.

இன்னொரு மறைவான செலவு, திருத்துகிற விதம். கட்டை உயர்த்தி, துருசு மாற்றி, பக்கோவால் அடியைத் தோண்டிப் படமெடுத்தால் வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் போய்விடுவார். தூர்வாரும்போது அடியிலிருக்கிற களிப்படையையும் வெட்டிவிட்டால் குளம் ஒழுகும், நிரம்பியது ஒரு மாதத்தில் கீழே போய்விடும். பழைய குளத்துக்கு மேலே வண்டலைப் பிடிக்கிற புல்நிலமும், காற்றைத் தடுக்கிற மரச்சோலையும், கட்டுக்குக் கீழே உப்பை இழுத்துக்கொள்கிற ஈரப்பற்றையும் இருந்தன. இவற்றை "வெறும் காடு" என்று வெளியாக்கி அரை ஏக்கர் வயல் கூட்டினால், சில மாரியில் வண்டல் குளத்தை நிரப்பிவிடும். ஒரு குளத்தின் வானை மட்டும் உயர்த்தினால் கீழ்க்குளம் நிரம்பாது. மேல்க்குளம் உடைந்தால் கீழுள்ளது எல்லாம் வரிசையாக உடையும். தொடரை முழுதாகத்தான் எடுக்க வேண்டும். தனிக்குளமாகத் திருத்துகிற திட்டத்துக்கு நான் கையொப்பம் வைக்க மாட்டேன்.

எப்போது இதுதான் சரி: ஆறு சின்னது, தரை தட்டை, மேலே பழைய குளங்களின் கட்டு இன்னும் அடையாளம் தெரிகிறது, தேவை பெரும்போகத்துக்குத்தான் என்றால். மாவட்டத்தின் பெரும்பாலான மாரியாறுகளுக்கு இதுதான் பொருத்தம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | நீர்த்தேக்கம் | அணைக்கட்டு | குளத்தொடர் |
|---|---|---|---|
| சிறுபோக நெல் | முடியும் | முடியாது | முடியாது, மேட்டுப்பயிர் மட்டும் |
| குடிநீர் | ஆம் | இல்லை | கிணறு வழியாக |
| முதல் வெள்ளம் ஆற்றுவாய்க்கு | நிபந்தனை போட்டால்தான் | போகும் | குளம் நிரம்பிய பிறகு போகும் |
| மணல் | நின்றுவிடும் | மணற்கதவு இருந்தால் போகும் | பெரும்பகுதி ஆற்றிலேயே |
| மீன் ஏற்றம் | அறுந்துவிடும் | மீன்வழி வேண்டும் | ஆற்றில் தடையில்லை |
| யார் பொறுப்பு | நீர்ப்பாசனத் திணைக்களம் | அளவைப் பொறுத்தது | 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் ஊரும் |

## ஆற்றுவாயில் உவர்த்தடுப்பு?

நான்காவதாகச் சிலர் கேட்பது இது. ஆற்றுவாய்க்குக் கிட்டக் கதவு போட்டு, கடல் ஏறாமல் தடுத்து, உள்ளே நன்னீராக்குவது. யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு இதற்குப் பழைய உதாரணம். கதவுப் பலகை உக்கிப்போய்ப் பல காலம் பயனில்லாமல் கிடந்ததும் அங்கேதான். வயலுக்குள் உவர் ஏறித் தொல்லை கொடுக்கிற இடத்தில் நியாயம் உண்டு. இறால் களப்பு உள்ள ஆற்றில் இதைக் கேட்டால் ஒரு பக்கத்துச் சோற்றை எடுத்து மறுபக்கம் வைப்பதுதான் நடக்கும். தம்பலகாமக் குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்ணாடிச் சிப்பியை ஒரு காலத்தில் முத்துக்காகக் குத்தகைக்கு விட்டார்கள். உவரும் நன்னீரும் கலக்கிற சேற்றில்தான் அது கிடக்கும், கதவு போட்ட நன்னீரில் அல்ல.

## மனு எழுதுமுன்

குளத்தொடர் என்றால் கமநல சேவை நிலையத்தில் தொடங்குங்கள். ஒரு குளத்தின் பேரை மட்டும் எழுதாமல், மேலிருந்து கீழ் வரை எல்லாக் குளத்தையும் வரைபடத்தோடு கொடுங்கள். அணைக்கட்டு என்றால் மணற்கதவு, மீன்வழி, முறைப்பங்கீடு மூன்றையும் முதல் மனுவிலேயே கேளுங்கள்.

நீர்த்தேக்கம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் 1988 திருத்தமும், 1993 வர்த்தமானியும் சிறு நீர்ப்பாசன வேலை தவிர்ந்த ஆற்றுத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாள். அதைத் தமிழில் கேட்டு வாங்கி நேரே கீழ்நிலைப் பகுதிக்குப் போங்கள். மாதம் மாதமாக ஆற்றுவாயில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்ற அட்டவணை இருக்கிறதா பாருங்கள். "மாரியின் முதல் வெள்ளம்" என்று எழுதியிருக்கிறதா, "மேலதிக நீர்" என்று மட்டும்தானா? மேலதிக நீர் என்றால் தேக்கம் நிரம்பிய பிறகு வழிவது. அது மழை குறைந்த ஆண்டில் வராது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து ஆற்றுவாய் மீன்பிடிச் சங்கத்துக்கும் ஒன்று கொடுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் அடுத்த கூட்டம்.